வராதவர்களின் கையெழுத்து

என் முதல் புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் மைக் செட்காரர். இன்னொருவர் விழாத் தலைவர். மூன்றாவதாக, முன்வரிசையில் நட்ட நடுவில், மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர்.

அது நகைச்சுவைக் கட்டுரைகளின் தொகுப்பு. மேடையில் நின்று இரண்டு கட்டுரைகளை வாசித்தேன். முதல் கட்டுரை முடிவதற்குள் மைக் செட்காரர் உபரி வயர்களைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். தலைவர் கண்ணை மூடி ரசித்தார், அல்லது கண்ணை மட்டும் மூடினார். குடையோடு வந்த அவர்தான் சிரித்தார். எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாததால் ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் தவறாமல் சிரித்தார். என் அப்பா காலமானதைப் பற்றி நடுவில் ஒரு பத்தி வரும். அதற்கும் சிரித்தார்.

கடைசியில் தலைவர் கண்ணைத் திறந்து, வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்றார். வாசகர்கள் எழுந்து நின்றார். புத்தகத்தில் மொத்தம் எத்தனை பக்கம் என்று கேட்டார். நூற்றுப் பன்னிரண்டு என்றேன். நல்லது என்று உட்கார்ந்தார். பிறகு, ஒரே கேள்வியோடு விழா முடிந்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும், மறுபடி எழுந்து, அட்டையைச் சேர்த்தா சேர்க்காமலா என்றார்.

நமக்கும் ஒரு வாசகர் கிடைத்துவிட்டார் என்று நான் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் நின்று, நிதானமாக உண்மையைச் சொன்னார்.

"பக்கத்து ஹால்ல யோகா பத்திப் பேசறாங்கன்னு வந்தேன் சார். அங்க அறுபது பேர் இருந்தாங்க. சரி போலாம்னு திரும்புனேன். இங்க எட்டிப் பாத்தா நீங்க மேடையில தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தீங்க. மூணாவது டம்ளர்."

அப்படித்தான் பழக்கம்.

கூட்டம் இல்லாத கூட்டத்துக்கு மட்டும் போவது என்பது அவருடைய வழக்கம். பாண்டிச்சேரியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாராவது எங்காவது எதையாவது திறந்து வைத்துக்கொண்டே இருப்பார்கள். காலையில் பேப்பரில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியை விரித்து, அவற்றில் எது காலியாக இருக்கும் என்று கணிப்பார். தலைப்பு ஒரு வரியைத் தாண்டினால் ஆள் வராது. 'ஆய்வு நோக்கில்' என்று இருந்தால் நிச்சயம் வராது. கிரிக்கெட் மேட்ச் உள்ள நாள், மழை தூறும் நாள், சிற்றுண்டி போடாத அமைப்பு என்று அவருக்குப் பல கணக்குகள் இருந்தன. போய் வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பார். இருபது தலைக்கு மேல் தெரிந்தால், "இங்க ஆள் இருக்காங்க, வாங்க போலாம்" என்று திரும்பிவிடுவார். நல்ல சாப்பாடு மணக்கிற இடங்களிலிருந்தெல்லாம் என்னை இப்படி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆள் இல்லாத இடமாக இருந்தால் அவர் வேலையில் இறங்குவார். நாற்காலிகளில் ஒன்றில் குடை, ஒன்றில் பை, ஒன்றில் மடித்த பேப்பர். மேடையிலிருந்து பார்ப்பவருக்கு, மூன்று பேர் எழுந்து வெளியே போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை வரும். கை தட்டும்போது முதலில் வேகமாக, அதற்குள்ளேயே மெதுவாக, தாளத்தை மாற்றித் தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டால் நாலைந்து பேர் என்றுதான் தோன்றும். பாதிப் பேச்சில் எழுந்து பின்வரிசைக்குப் போய்விடுவார், பின்வரிசையும் நிரம்பியிருக்க வேண்டும் என்று.

ஒரு தடவை இரங்கல் கூட்டம் ஒன்றுக்குப் போனோம். ஏற்பாடு செய்தவரே வரவில்லை. மாலை போட்ட படம் இருந்தது, ஊதுவத்தி புகைந்தது, நாங்கள் இருவரும் இருந்தோம். இறந்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார். பிறகு, வர முடியாதவர்கள் சார்பில் இன்னொரு நிமிடம் நின்றார். எனக்குக் கால் வலித்ததால் முதல் நிமிடத்தோடு உட்கார்ந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு தடவை பிரான்சிலிருந்து வந்த ஒரு பையன் துருத்தி மாதிரி ஒரு வாத்தியம் வாசித்தான். அவர் தட்டிய தட்டலில் மனம் குளிர்ந்து கூடுதலாக மூன்று பாட்டு வாசித்தான். நாலாவதையும் எடுத்தபோது அவர் என் காதருகே வந்து, இதை நிறுத்த எப்படிக் கை தட்டுவது என்று கேட்டார். பிள்ளை மனசு கோணாமல் நிறுத்த வேண்டுமாம்.

அவர் நகராட்சியில் எத்தா சிவில் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். பிரெஞ்சுக்காரன் போனாலும் அந்தப் பெயர் போகவில்லை; பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் பதிவு செய்கிற இடம். ஊரில் பாதிப்பேர் பிறந்தது தன் கையால்தான் என்று சொல்லிக்கொள்வார். அத்தனை வருஷத்தில் ஒரு பொய்ப் பதிவு போட்டதில்லை, ஓர் எழுத்தை அடித்துத் திருத்தியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை.

நெல்லித்தோப்பில் என் வீட்டுக்கு ஒரு நாள் வாருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். வந்ததே இல்லை. "உங்க வீட்டுலதான் நீங்க இருக்கீங்களே" என்பார். நான் கல்யாணம் ஆகாதவன், வீட்டில் நானும் ஒரு மின்விசிறியும்தான், அதுவும் ஒரே வேகத்தில்தான் சுற்றும் என்று எடுத்துச் சொல்லியும் அவர் கணக்கில் அது ஆள் இருக்கிற இடம்.

அவர் வீட்டுக்கு நான் ஒரே ஒரு தடவை போனேன். மறந்து விட்டுப் போன குடையைக் கொடுக்க. கூடத்தில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. ஐந்தில் கடையில் சுற்றிக் கொடுத்த பாலிதீன் உறை கூடப் பிரிக்கவில்லை. நான் ஒன்றில் உட்கார்ந்தபோது அது சரசரவென்று சத்தம் போட்டது. அந்த வீட்டில் அது கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும் போல, அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மனைவி இறந்து ஒன்பது வருஷம். ஒரே மகள் பிரான்சில். அவளுடைய கல்யாணம் அங்கேயே மெரியில், அதாவது அவர்கள் ஊர் நகராட்சியில், நடந்ததாம். இவருக்கு விசா வந்து சேரவில்லை.

"போன்லதான் பாத்தேன் சார். ஆயிரக்கணக்குல கல்யாணம் எழுதியிருக்கேன், என் பொண்ணு கல்யாணத்தைப் போன்ல பாத்தேன். மொத்தம் நாலு பேர். அதுல ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவங்க. நம்ம பக்கத்துக்குன்னு ஒரு வரிசை நாற்காலி போட்டிருந்தாங்க. போன்ல அது நல்லாத் தெரிஞ்சுது."

இதைச் சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். ரொம்ப நேரம் போட்டார்.

இப்போது அவர் ஊரில் இல்லை. இரண்டு வருஷமாக மகளிடம் இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார். அங்கே எந்த மியூசியத்துக்குப் போனாலும் வாசலில் இருநூறு பேர் நிற்கிறார்களாம். நமக்கு வேலையே இல்லை சார் என்று குறைப்படுவார். அவர் போன பிறகு நானும் பேப்பரில் அந்தப் பகுதியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆனால் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால், மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அந்த ஓவியக் கண்காட்சிதான் முன்னால் வந்து நிற்கிறது.

மூன்று வருஷம் இருக்கும். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டின் மாடியில், அஜந்தா குகை ஓவியங்களின் நகல்கள். எட்டு நாள். வரைந்தவர் விருத்தாசலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். மெலிந்த உடம்பு, சாம்பல் நிறச் சேலை, விரல் நகங்களில் போகாத காவி. வருஷா வருஷம் மே மாத லீவுக்கு ரயில் ஏறி ஜல்காவ் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் குகைக்குப் போவாராம். உள்ளே வெளிச்சம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் காவலர் வெளியே போகச் சொல்லிவிடுவார். வெளியே வந்து, திரும்ப வரிசையில் நின்று, திரும்ப உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து பென்சிலில் வரைவாராம். வீட்டுக்கு வந்து வண்ணம். இப்படிப் பதினாறு மே மாதத்தில் இருபத்திரண்டு படங்கள்.

திறந்து வைக்க ஒப்புக்கொண்ட பிரமுகர் வரவில்லை. என்னை அழைத்துப் போயிருந்த அவரே ரிப்பனை வெட்டினார். பாதி வெட்டிவிட்டு மீதியை வெட்டக் கத்திரிக்கோலை என்னிடம் கொடுத்தார், விழா கொஞ்சம் நீளட்டும் என்று.

டீச்சர் எங்களுக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டு, யாரிடமும் ஒளிக்காத குரலில் தன் நிலைமையைச் சொன்னார். படங்கள் தம்பி வீட்டு அறையில் அடுக்கியிருக்கின்றன. தம்பிக்கு இடம் வேண்டுமாம், பரணில் ஏற்றிவிடலாமா அக்கா என்கிறான். இன்னும் வரைய வேண்டியது நிறைய இருக்கிறது. "இந்த எட்டு நாள்ல பாக்கறதுக்கு ஆளிருக்குன்னு தெரிஞ்சா வர்ற மேக்கும் கிளம்பிடுவேன். இல்லன்னா, சரி, போதும்னு விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

குடையோடு நின்ற அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். தீயணைப்பு வண்டிக்காரருக்கு மணி அடித்த மாதிரி.

முதல் நாள் வந்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் வெள்ளைக்காரர்கள், அந்த வீட்டின் ஜன்னல்களைப் போட்டோ எடுக்க வந்தவர்கள். மேஜை மேல் பார்வையாளர் நோட்டு ஒன்று, நூல் கட்டிய பேனாவோடு, வெள்ளையாகக் கிடந்தது.

இரண்டாம் நாள் மதியம் டீச்சர் சாப்பிடப் போனபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அவர் நோட்டைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து நாலு பேனா வந்தது. கறுப்பு, நீலம், பச்சை, மசி கசிகிற ஒன்று. எழுத ஆரம்பித்தார். கோவிந்தசாமி, உழவர்கரை, மிகவும் அருமை. மரி தெரேஸ், பிரெஞ்சில் 'த்ரே பியேன்', அதாவது மிக நன்று. அப்துல், சுல்தான்பேட்டை, குடும்பத்துடன் பார்த்தோம். குடும்பத்துக்காக இடது கையால் குழந்தை எழுத்தில் ஒரு 'சூப்பர்'. எல்லா மதத்துக்கும் எல்லாத் தொகுதிக்கும் பார்த்துப் பார்த்து இடம் ஒதுக்கினார்.

இது பொய்ப் பதிவு இல்லையா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

"இவங்க எல்லாம் நெசமாவே இருக்கறவங்க சார். பொறப்பு நான்தான் எழுதுனேன். இவங்க வர வேண்டியவங்கதான். வரல. அவ்வளவுதான்."

எழுத்தாளர் என்ற முறையில் என்னையும் இரண்டு எழுதச் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டுமா. கதிர்காமத்திலிருந்து ஒரு கலை ரசிகர் என்று போட்டு, 'கோடுகள் பேசுகின்றன, வண்ணங்கள் விம்முகின்றன' என்று அரைப்பக்கத்துக்கு நானே விம்மிவிட்டேன்.

டீச்சர் திரும்பி வந்து நோட்டைப் பார்த்தார். நின்றுகொண்டே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து படித்தார். தங்கைக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக் காட்டினார். "நான் இல்லாத நேரத்துல ஒம்பது பேர் வந்திருக்காங்கடி" என்றார். எழுதியவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

என் விம்மலைப் பற்றி மட்டும் டீச்சருக்குச் சந்தேகம். "இந்த ஒருத்தர் படத்தைப் பாக்காமயே எழுதியிருக்காருன்னு தோணுது" என்றார்.

மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். மதிய வேளையில் ஊரே அங்கே வந்து போனது. நோட்டில் நாலாவது பக்கம் புரண்டது. கால் மணிக்கு ஒரு கருத்து என்ற கணக்கில் அவர் எழுதிக்கொண்டிருக்க, நான் படிக்கட்டில் காவல் இருந்தேன். டீச்சரும் எங்களுக்குத் தோதாகச் சாப்பாட்டு நேரத்தை நீட்டிக்கொண்டே போனார். முதலில் முக்கால் மணி, பிறகு ஒன்றரை, பிறகு இரண்டரை. பாவம், நன்றாகச் சாப்பிடுகிறார் போல என்று நினைத்துக்கொண்டோம்.

ஏழாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு நான் பேனா வாங்கக் கடைக்குப் போனேன். மசி பேனா கசிந்து தீர்ந்துவிட்டது. பீச் ரோடு வழியாகத் திரும்பினேன். அந்த நேரத்தில் அங்கே நாய் கூடப் படுக்காது. கல் பெஞ்ச் ஒன்றில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் போய், ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றேன். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் அங்க இருந்தா யாரும் வர மாட்டேங்கறாங்க சார். போனப்புறம்தான் வர்றாங்க. வரைஞ்சவ எதிர்லயே நின்னா கூச்சமாத்தானே இருக்கும். நிம்மதியாப் பாக்கட்டும்னு வந்துட்டேன்."

சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டேன். பதினைந்து நிமிஷத்தில் ஆகிவிடும், மீதி நேரம் இங்கேதான் என்றார். நான்கு நாளாக. பதினாறு வருஷம் வரிசையில் நின்று வரைந்தவரை அவருடைய படங்களிடமிருந்தே நாங்கள் வெளியே அனுப்பி வெயிலில் உட்கார வைத்திருந்தோம்.

கிளம்பப் போனவனை நிறுத்தி இன்னொன்று கேட்டார். "இந்த ஊர்ல எல்லாரும் எழுதி முடிச்சதும் ஓரம் வரைக்கும் ஒரு கோடு இழுக்கறாங்களே, அது என்ன வழக்கம்?"

பதிவேட்டில் வரி முடிந்து மிச்சமிருக்கிற காலி இடத்தில் யாரும் பிற்பாடு எதையும் நுழைத்துவிடாமல் கோடு இழுத்து அடைப்பது எத்தா சிவில் பழக்கம். முப்பத்து நாலு வருஷக் கை. எழுத்தை மாற்றினார், மசியை மாற்றினார், மதத்தை மாற்றினார். கோவிந்தசாமியும் மரி தெரேசும் அப்துலும் இடது கைக் குழந்தையும் ஆளுக்கொரு கோடு இழுத்து அடைத்திருக்கிறார்கள். என் விம்மலுக்குக் கீழேயும் அவரே ஒன்று இழுத்து வைத்திருந்தார்.

நான் தைரியசாலி. "அது பிரெஞ்சுக்காரன் காலத்துலேருந்து இருக்கற வழக்கம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கோட்டைப் பற்றிச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. "வெயில்லயா?" என்றார். ஆமாம் என்றேன். டீயைக் குடிக்காமல் ஆறவிட்டார். பிறகு மறுபடி, "இந்த வெயில்லயா?" என்றார்.

மறுநாள், கடைசி நாள். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் அவர் நேராக மேஜைக்குப் போய் நின்றார். அலுவலகத்தில் பெரியவரிடம் நிற்பதைப் போல.

"டீச்சர், இந்த நோட்டுல மொத்தம் நாப்பத்தாறு பதிவு இருக்கு. அதுல நாப்பத்தொண்ணு நான் எழுதுனது. ரெண்டு இவர் எழுதுனது." என்னைக் காட்டினார். என்னை விட்டிருக்கலாம். ஆனால் விட்டால் அது பொய்ப் பதிவு.

டீச்சர் நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு வரியின் முடிவில் இருந்த கோட்டின் மேல் விரலை வைத்துக் கடைசி வரை ஓட்டினார். கோடுகளோடு வாழ்ந்தவர். இது ஒரே கை என்று முன்னமே தெரிந்திருக்குமோ, தெரிந்தும் தெரியாததைப் போலக் கடற்கரைக்குப் போனாரோ என்று எனக்கு இன்று வரை சந்தேகம் உண்டு.

"அப்ப யாருமே வரலியா?"

"வந்தாங்க டீச்சர். ஏழு நாள்ல பதினேழு பேர். அதுல அஞ்சு பேரு பாத்ரூம் எங்கன்னு கேட்டாங்க."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்க தினமும் வந்தீங்களே. உங்களுக்கு எந்தப் படம் பிடிச்சுது?"

அவர் வாயைத் திறந்தார். திறந்தபடி என்னைப் பார்த்தார். ஏழு நாளாக அந்த அறையில் காலையிலிருந்து மாலை வரை இருந்திருக்கிறார். கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், யாராவது வருகிறார்களா என்று. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத உதவுமே என்று. சுவரை யாரும் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக எத்தனை கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்; ஒரு பேச்சில் ஒரு வாக்கியமாவது அவர் காதில் விழுந்திருக்குமா என்று அப்போதுதான் யோசித்தேன். என் புத்தகத்தில் அவருக்குத் தெரிந்தது பக்க எண்ணிக்கை மட்டும்.

"ஒண்ணும் பாக்கல டீச்சர்" என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

டீச்சர் அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பெரிய படம் ஒன்றின் எதிரில், கதவுக்கு முதுகு காட்டிப் போட்டார். உட்காருங்கள் என்றார்.

ஒரு ராஜா அரண்மனையை விட்டுத் துறவு போவதற்கு முன் குளிக்கிற காட்சி அது. தூண்கள், பெண்கள், பணியாட்கள், நடுவில் ராஜா, அவர் தலைமேல் குடத்தால் நீர் வார்க்கிறார்கள். குகைச் சுவர் பெயர்ந்திருந்த இடங்களை டீச்சர் பெயர்ந்தபடியே விட்டிருந்தார்.

முதல் பத்து நிமிஷம் அவரால் முடியவில்லை. படியில் சின்னச் சத்தம் கேட்டாலும் கழுத்து திரும்பிவிடும். ஒரு ஜோடி ஏறி வந்தது. பாதி எழுந்துவிட்டார். டீச்சர் நாற்காலியின் முதுகில் கையை வைத்ததும் அவர் உட்கார்ந்தார். அந்த ஜோடி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனதை அவர் பார்க்கவில்லை. அதற்கப்புறம் கழுத்து திரும்பவில்லை. நான் எனக்கென்று ஒரு படத்தின் முன் நின்று பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் எனக்குப் பசித்தது. ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு மணி ஆயிற்று. டீச்சர் சாப்பிடப் போகவில்லை. படத்தின் முன்னிருந்து அவர் எழுந்தபோது முட்டி பிடித்துக்கொள்ள, நாற்காலியைப் பிடித்து நின்றார். மேஜைக்குப் போய் நோட்டைத் திறந்து, நூல் கட்டிய பேனாவை எடுத்தார். ரொம்ப நேரம் யோசித்தார். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அருமை, சூப்பர் எதுவும் இல்லை. இதுதான் இருந்தது:

'இடது பக்க ஓரத்தில் ஒரு பெண் தட்டு ஏந்தி நிற்கிறாள். யாரும் இன்னும் அதை வாங்கவில்லை. அவளுக்குக் கை வலிக்கும்.'

டீச்சர் படித்தார். நோட்டை விட்டுவிட்டுப் படத்தின் பக்கத்தில் போய், அந்தப் பெண்ணின் முழங்கை மடிந்த இடத்தைக் காட்டினார்.

"வலிச்சுது. உள்ள உக்கார எடம் கெடையாது. ஒரு கையில பலகையைப் பிடிச்சிக்கிட்டு நின்னுதான் வரைவேன். இந்தக் கை மட்டும் மூணு நாள் ஆச்சு." சற்று நேரம் அதையே பார்த்தார். "பலகை பிடிக்க ஒரு ஆள் இருந்தா சீக்கிரம் ஆகும்."

அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "மே மாசம்னா அங்க வரிசை பெருசா இருக்குமே டீச்சர்?"

"இருக்கும். கொஞ்ச நேரத்துல வெளியே அனுப்பிடுவாங்க. திரும்பவும் போயி கடைசியில நிக்கணும்."

"நிக்கலாம்" என்றார்.

பிறகு அவர் கேட்டது எதுவும் எனக்காக இல்லை. தட்டில் என்ன இருக்கிறது, ராஜா போன பிறகு அந்தப் பெண் எங்கே போவாள், இந்த நீலம் எதில் கிடைக்கிறது. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் படத்தைத் தொடாமல் விரலை நீட்டி நீட்டிப் பதில் சொன்னார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் சரி என்றார்கள் என்று நினைக்கிறேன்.

மாடிக்குச் செருப்போடு ஏறக் கூடாது என்பதால் கீழே படி ஓரத்தில் விட்டிருந்தோம். மூன்று ஜோடிதான் கிடந்தது. என்னுடையதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.